கம்ப்யூட்டருக்குப் பதில் இசை

1

இந்தக் கதை எனக்குச் சேற்றில் கிடைத்தது. அழகுக்காகச் சொல்லவில்லை, நிஜச் சேறு. பழவேற்காடு ஏரியில் கோட்டைக்குப்பத்துக்குக் கொஞ்சம் முன்னால் தண்ணீருக்கடியில் ஒரு மேடு இருக்கிறது. போன ஜூன் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், நாங்கள் வந்த ஃபைபர் படகு அதில் ஏறி உட்கார்ந்துவிட்டது. இறங்கித் தள்ளப் போன என் கணவரின் ஒற்றைச் செருப்பு இன்னும் அங்கேதான் கிடக்கிறது. அவர் அதை நினைத்து இன்றும் புலம்புகிறார். நான் அந்தச் செருப்புக்கு மனதுக்குள் ஒரு கும்பிடு போட்டுவிட்டுத்தான் எழுத உட்கார்ந்தேன்.

என்னை அறியாதவர்களுக்கு: நான் குடும்பக் கதைகள் எழுதுகிறவள். காதல், கல்யாணம், பிரிவு, மாமியாரின் மனமாற்றம், கடைசி அத்தியாயத்தில் மழை. அந்த மாதம் ஒரு பத்திரிகைக்கு அப்படி ஒன்று தருவதாக ஒப்புக்கொண்டிருந்தேன். ஒரு வரிகூட வரவில்லை. “வீட்டிலேயே உட்கார்ந்திருந்தால் எப்படி வரும்?” என்று கணவர் என்னைக் கிளப்பிக்கொண்டு போனார். அவர் அலுவலகத்தில் வேலை பார்க்கும் தானியேல், ஏரிக்கு அந்தப் பக்கத்துக் குப்பத்துக்காரன். அவன் குழந்தைக்கு ஞானஸ்நான விருந்து. நண்டும் இறாலும் மூக்குப் பிடிக்கச் சாப்பிட்டுவிட்டுத் திரும்பும்போதுதான் இது நடந்தது.

படகை ஓட்டியவர் சிங்காரம். மீன் பிடிக்கிறவர், விசேஷ நாட்களில் ஆட்களையும் ஏற்றுகிறவர். முன்பக்கம் உட்கார்ந்து பாடிக்கொண்டு வந்தவள் அவர் மகள் தேவதர்ஷினி. பத்தாவது முடித்து, பிளஸ் ஒன் சேரக் காத்திருந்தாள். பக்கத்தில் அவள் தோழி ரிஃபா, பழவேற்காடு டவுன் பெண். இன்னொரு படகு வந்து கயிறு கட்டி இழுக்கும்வரை எங்களுக்கு வேறு வேலை இல்லை. ரிஃபாவுக்கோ வாய் சும்மா இருக்காது. இந்தக் கதையில் பாதி அவள் சொன்னது. கால்வாசி, பிறகு நான் போய் சிங்காரத்தின் மனைவி வேலம்மாவிடம் கேட்டுத் தெரிந்துகொண்டது. மிச்சம் நான் இட்டுக்கட்டியது. எது எது என்று இப்போதே கேட்காதீர்கள். மனசாட்சி உறுத்தும் இடங்களில் நானே சொல்லிவிடுவேன்.

2

தொடக்கத்துக்கு ரொம்பக் கஷ்டப்பட்டேன். கிழித்ததையும் காட்டுகிறேன்.

*வானத்தின் விளிம்பில் பூநாரைகள் இளஞ்சிவப்புக் கோலமிட, ஏரியின் மௌனத்தைக் கிழித்துக்கொண்டு எழுந்தது அந்தத் தேன் குரல்…*

அடித்தேன். அன்று ஒரு பூநாரையும் கண்ணில் படவில்லை. மௌனமும் இல்லை, டீசல் எஞ்சின் காதைப் பிளந்துகொண்டிருந்தது. தேன் குரலா என்றால், அந்த இரைச்சலில் நான் கேட்டது பாதிதான்.

*“பாட்டாவது கூத்தாவது!” என்று உறுமிய சிங்காரம், மகள் கையிலிருந்த பாட்டுப் புத்தகத்தைப் பிடுங்கி எரியும் அடுப்பில்…*

இதை முடிக்கவே கை வரவில்லை. முதலில், அவர்கள் வீட்டில் இருப்பது கேஸ் அடுப்பு. அடுத்தது, என் நாவல்களில் அப்பாக்கள் உறுமுவார்கள்; ஒரு உறுமல் இருந்தால் இரண்டு அத்தியாயம் தள்ளிவிடலாம். ஆனால் படகில் எழுந்து நின்று செல்ஃபி எடுத்த ஆளைக்கூட “ஒக்காரு சாமி, உனக்குப் புண்ணியமாப் போவுது” என்று கெஞ்சிய மனிதரை எப்படி உறுமவைப்பது?

*அவன் பெயர் ஆதில். அவனுக்கு கிடார் வாசிக்கத் தெரியும்.*

இது பழக்கதோஷம். கதாநாயகன் இல்லாமல் எனக்குப் பேனா ஓடாது.

(அடிக்குறிப்பு போல ஒன்று: ஆதில் ரிஃபாவின் அண்ணன் பெயராம். அவனுக்குக் கிடாரும் தெரியாது, வேறெதுவும் தெரியாது, அவனைக் கதையில் போட்டால் வீட்டில் அவனோடு குடித்தனம் பண்ண முடியாது என்று அவள் மனு கொடுத்ததால் அவனை நீக்கிவிட்டேன்.)

நான்காவது தொடக்கம் கீழே வருகிறது. அதை வைத்துக்கொள்கிறேன். அது ஒரு சோற்றுத் தட்டிலிருந்து தொடங்குகிறது.

3

சிங்காரத்துக்கு விஷயம் கடைசியாகத்தான் தெரிந்தது. வீட்டில் எல்லாமே அவருக்குக் கடைசியாகத்தான் தெரியும்; ஏரியிலிருந்து வந்து கால் கழுவுவதற்குள் இங்கே சண்டை மூண்டு, முற்றி, பாதி ஆறியும் போயிருக்கும். அன்றைக்கு ஆறவில்லை. தட்டை வைத்த வேகத்திலேயே தெரிந்தது.

“இன்னா, ரெண்டு பேரும் மூஞ்சத் தூக்கி வெச்சிக்கினு கீறீங்க?”

“உம் பொண்ணயே கேளு” என்றாள் வேலம்மா. சண்டை நாட்களில் தர்ஷினி அவருடைய பெண்ணாகிவிடுவாள்.

“நைனா, எங்க ஸ்கூல்ல இந்த வருசம் பிளஸ் ஒன்ல மியூசிக் வருது. காமர்ஸ் எடுத்தா அஞ்சாவது பாடமா கம்ப்யூட்டருக்குப் பதில் அத எடுக்கலாம்.”

“ரெண்டத்தியும் எடுக்க முடியாதா?”

“முடியாது நைனா. அது இல்லனா இது.”

சிங்காரம் சோற்றைப் பிசைந்தார். ஏற்கெனவே பிசைந்த சோறு.

“கேட்டியா?” என்றாள் வேலம்மா. “கம்ப்யூட்டர் படிச்சா காட்டுப்பள்ளில ஆபீஸ்ல ஒக்காரலாம். ஏசில, சேர் போட்டு. பாட்டு படிச்சா எங்க ஒக்காருவா? மைக் செட் கடையிலயா?”

“எம்மா!”

“இன்னாடி எம்மா? பாடாதன்னா சொன்னேன்? வூட்ல பாடு, கோயில்ல பாடு, கண்ணாலத்துல பாடு. அதுக்கு மார்க் வேற போடணுமா?”

“மார்க் போட்டாதாம்மா ஒழுங்காக் கத்துத் தருவாங்க.”

வேலம்மா எழுந்து பாத்திரங்களை எடுத்துக்கொண்டு போனாள். பதில் இல்லாதபோது அவள் பாத்திரம் கழுவுவாள்.

[இங்கே ஒரு நிமிடம். வேலம்மாவை வில்லியாக்கிவிடுவேனோ என்று எனக்கே பயமாக இருக்கிறது. அவள் விடிவதற்கு முன் இறாலை வாங்கி, குனிந்தபடியே உரித்து, பழவேற்காடு மார்க்கெட்டில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து விற்கிறவள். இறால் தலையின் முள் குத்திக்குத்தி அவள் விரல் நுனிகள் தடித்துப்போயிருக்கும். நான் போனபோது அதே விரல்களால் எனக்குத் தோசை ஊற்றிக் கொடுத்தாள். மகள் ஒரு நாற்காலியில் உட்கார வேண்டும் என்று அவள் ஆசைப்பட்டால், நான் யார் அதற்கு எதிராகக் கதை கட்ட?]

சிங்காரத்துக்கு வேறொரு சங்கடம். காட்டுப்பள்ளித் துறைமுகத்தைப் பெரிதாக்கக் கூடாது என்று ஊரே பொன்னேரிக்குப் போய்ப் போராட்டத்தில் உட்கார்ந்தபோது முன்வரிசையில் உட்கார்ந்தவர் அவர். மகள் அதே இடத்துக்கு வேலைக்குப் போவாள் என்று மனைவி சொல்லும்போதெல்லாம் அவருக்கு அது உறுத்தும். சொன்னதில்லை. அதற்காக, பாட்டு என்று வாய்விட்டுச் சொல்ல அவருக்குத் தைரியமும் இல்லை. பாட்டு படித்துவிட்டு மகள் என்ன ஆவாள் என்று மார்க்கெட்டில் யாராவது கேட்டால், சொல்ல அவரிடம் ஒரு சொல்கூட இல்லை.

“பாக்கலாம்” என்றார்.

தமிழ்நாட்டு அப்பாக்கள் அதிகம் பயன்படுத்தும் சொல் இதுதான் என்று நினைக்கிறேன்.

4

இப்போது ஒரு ஆசிரியை வருகிறார். கனிவும் ஞானமும் ததும்பும் குருவை எதிர்பார்க்கிறவர்கள் மன்னிக்கவும். காவியா மிஸ் சின்னப் பெண். திருவொற்றியூரிலிருந்து பொன்னேரிப் பள்ளிக்கூடத்துக்கு ரயிலில் தலை காயாமல் ஓடிவருவாள். முதல் வேலை. அதுவரை காலைப் பிரார்த்தனைப் பாட்டுக்கு மட்டும் பொறுப்பாக இருந்தவளிடம், “பிளஸ் ஒன்னுக்கு இசை வகுப்பு தொடங்கிப் பார்க்கலாம், ஆனால் ஒரு பாட்டை முழுசாகச் சரியாகப் பாடிக் காட்டுகிறவர்களைத்தான் சேர்ப்பேன்” என்று பிரின்சிபால் அம்மா சொல்லியிருந்தார். திங்கட்கிழமை தேர்வு. கூடவே பெற்றோரில் ஒருவர் வந்து, எந்தப் பாடம் என்று நேரில் சொல்லவேண்டும்.

காவியா மிஸ் நம்பியிருந்தது தர்ஷினியைத்தான். தர்ஷினியிடம் இருந்தது ஒரே ஒரு கோளாறு.

“எல்லாம் நல்லா இருக்கு தர்ஷினி. கடைசி வரி வந்தா மட்டும் சுருதியை விட்டுக் கீழ எறங்கிடுற. ஏன்?”

“தெர்ல மிஸ்.”

“மூச்சு பத்தலையா?”

“பத்துது மிஸ்.”

“பயமா?”

“இல்ல மிஸ். உங்களுக்குதான் பயமா இருக்கு.”

நின்று பாடிப் பார்த்தார்கள். வெந்நீர் குடித்துவிட்டுப் பாடிப் பார்த்தார்கள். வேறு கீர்த்தனை பாடிப் பார்த்தார்கள். புதுப் பாட்டில் எந்தக் கோளாறும் இல்லை. நன்றாகப் பழகிய பாட்டில் மட்டும், ஒவ்வொரு முறையும், கடைசி வரியில் குரல் மெல்ல, ஒழுங்காக, பிசகாமல் இறங்கியது. பிரின்சிபாலிடம் பாடுவதாகச் சொல்லியிருந்ததும் அந்தப் பாட்டுதான். மாற்ற நேரம் இல்லை.

கண்டுபிடித்தது ரிஃபாவின் ஃபோன். ரிஃபா அல்ல, அவள் ஃபோன். ஸ்டேட்டஸ் போடுவதற்காகப் படகில் தர்ஷினி பாடுவதை அவள் வீடியோ எடுத்திருந்தாள். தர்ஷினி பழகியதே படகில்தான். வீடு சுவரோடு சுவர் ஒட்டியது; ஒரு பக்கம் டிவி, இன்னொரு பக்கம் கைக்குழந்தை. அதனால் நைனா ஏரியில் போய்வரும்போது முன்பக்கம் ஏறி உட்கார்ந்துகொள்வாள். ஃபோனில் சுருதிப் பெட்டி வைத்துப் பாடச் சொல்லியிருந்தாள் மிஸ். எஞ்சின் சத்தத்தில் ஃபோன் எங்கே கேட்கும்? தர்ஷினி எஞ்சினையே சுருதியாக வைத்துக்கொண்டாள்.

வகுப்பறையில் மூவரும் குனிந்து அந்த வீடியோவைக் கேட்டார்கள். கடைசி வரி வந்ததும் காவியா மிஸ் நிமிர்ந்தாள்.

“இந்த எடத்துல எஞ்சின் சத்தம் ஏன் எறங்குது?”

“அங்க மேடு மிஸ். சேறு. நைனா அங்க வந்தா ஸ்பீடு கொறைச்சிடுவாரு.”

“எப்பவுமா?”

“எப்பவும்தான் மிஸ். கொறைக்கலனா படகு ஏறிக்கும்.”

சொல்லிவிட்டுத் தர்ஷினியே வாயைப் பொத்திக்கொண்டாள். திரும்பும்போதெல்லாம் ஒரே இடத்தில் பாட்டைத் தொடங்குவாள். மேட்டுக்குக் கிட்டே வரும்போது கடைசி வரி வரும். நைனா வேகத்தைக் குறைப்பார். எஞ்சினோடு சேர்ந்து அவள் குரலும் இறங்கும். மாதக்கணக்காக, மேட்டையும் சேர்த்துப் பாட்டைப் படித்திருக்கிறாள்.

“அடிப்பாவி” என்றாள் ரிஃபா. “தியாகராயநகர்ல இருக்கறவளுக்கு இந்தப் பிரச்சினை வருமாடி?”

காவியா மிஸ் சிரிக்க ஆரம்பித்து, நிறுத்த முடியாமல், டஸ்டரால் முகத்தைத் துடைத்து, கன்னமெல்லாம் சாக்பீஸ் தூள். மிஸ் சிரித்து அன்றுதான் பார்த்தார்களாம்.

5

ரிஃபா அதைச் சிங்காரத்திடம் சொன்னது ஞாயிற்றுக்கிழமை காலை. தானியேல் வீட்டு விருந்துக்கு ஆள் ஏற்ற அவர் படகைக் கழுவிக்கொண்டிருந்தார்.

“அங்கிள், உங்களாலதான் இவ நாளைக்கி ஃபெயில் ஆவப்போறா.”

“நானா? நான் இன்னாம்மா பண்ணேன்?”

அவள் சொன்னாள். கையை ஆட்டி, எஞ்சின் போலக் குரலை இறக்கி, நடித்தே காட்டினாள். தர்ஷினி, “சும்மா இருடி” என்று அவள் துப்பட்டாவைப் பிடித்து இழுத்தாள். சிங்காரம் சிரிப்பார் என்று இருவரும் நினைத்தார்கள். அவர் கையிலிருந்த குவளையை வைத்துவிட்டு எஞ்சினையே பார்த்தார்.

“எஞ்சின் சத்தத்தியா கேட்டுக்கினு பாடுன?” என்றார்.

“வேற இன்னா கேக்கறது நைனா?”

அவ்வளவுதான் பேச்சு. ஆனால் ஆட்களை ஏற்றிக்கொண்டு போகும் வழியெல்லாம் அவர் கை எஞ்சின் மேல் ஒரு மாதிரியாக இருந்தது. இத்தனை நாளாக அந்தச் சத்தம் அவருக்குத் தலைவலி. பக்கத்தில் இருப்பவரிடம் கத்திப் பேசவைக்கும் சனியன். முன்னால், முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்த பிள்ளை அதைப் பிடித்துக்கொண்டு பாடியிருக்கிறது. அவர் ஏற்றினால் ஏறி, இறக்கினால் இறங்கி. தான் அப்படி ஒருத்தரைக் கூட்டிக்கொண்டு போகிறோம் என்பதே தெரியாமல் அவர் ஓட்டியிருக்கிறார்.

[இந்தப் பத்தி முழுக்க என் கற்பனை. அவர் கையை மட்டும் நான் பார்த்தேன்.]

திரும்பும்போது படகில் சென்னையிலிருந்து வந்த ஒரு அம்மாள் இருந்தார். படகு கிளம்பும் முன்பே, “ஆழம் எவ்வளவு இருக்கும்?” என்று மூன்று பேரிடம் கேட்டவர். (நான்தான். முதல் பிரதியில் என்னை ஒல்லியாகவும் தைரியசாலியாகவும் எழுதியிருந்தேன். கணவர் படித்துவிட்டு “யார் இது?” என்றார்.) காற்று எதிர்ப்பக்கம். கோட்டைக்குப்பத்து வீடுகள் தெரியத் தொடங்கின. முன்னால் தர்ஷினி பாடிக்கொண்டிருந்தாள், முதுகு நேராக, கை தொடையில் தாளம் போட.

கடைசி வரிக்கு வந்தாள்.

அங்கே தண்ணீரின் நிறம் கொஞ்சம் மாறும். ஏரிக்காரர்களுக்கு அது போதும். சிங்காரம் அந்த இடத்தில் வேகத்தைக் குறைக்காமல் போனதில்லை. அவர் நைனா காலத்தில் கோல் ஊன்றிப் போனபோதும் அங்கே நிதானித்துத்தான் போனார்கள். தர்ஷினியின் முதுகில் ஒரு சின்ன விறைப்பு. எஞ்சின் இப்போது இறங்கும், தான் இறங்கக் கூடாது என்று அவள் தயாராகிக்கொண்டிருந்தாள்.

எஞ்சின் இறங்கவில்லை.

ஒரே சீராக, அதே சத்தத்தில் போனது. அவள் குரலும் அதன்மேல் அப்படியே நின்றது. கடைசி எழுத்துவரை நின்றது. பாட்டு முடிந்தது. முடிந்த அடுத்த நொடியில், யாரோ அடியிலிருந்து பிடித்து இழுத்த மாதிரி படகு நின்றுவிட்டது. சென்னை அம்மாள் முன்னால் இருந்தவர் மடியில் போய் விழுந்தார்.

சுற்றி ஏரி. அதில் அசையாமல் ஒரு படகு. தூரத்தில் வலை இழுத்துக்கொண்டிருந்தவர்கள் எழுந்து நின்று பார்த்தார்கள்.

“இன்னா சிங்காரம் மாமா! புச்சா ஓட்டக் கத்துக்கினியா?”

“மாமா, மேடு நேத்திக்கே அங்கதான் இருந்துச்சு!”

“அய்யய்யோ, சிங்காரம் மாமாவுக்கே வழி தெர்லயாம்!”

சிங்காரம் எஞ்சினை அணைத்துவிட்டு லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு சேற்றில் இறங்கினார். தர்ஷினி படகின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு அவரையே பார்த்தாள்.

“நைனா, ஏன் கொறைக்கல?”

“மறந்துட்டேன்.”

“நீயா மறந்த?”

“மறந்துட்டேன்டி. எறங்கித் தள்ளு.”

6

இங்கேதான் நான் பல நாள் நின்றுவிட்டேன். படகு நின்றதைவிட அதிக நேரம்.

நான் எழுதியபடி பார்த்தால், அவர் வேண்டுமென்றே செய்தார். வாயால் “பாக்கலாம்” என்று சொன்ன மனிதர், கையால் வேறு சொன்னார். ஒரே ஒரு தடவை அந்தப் பிள்ளை பாட்டை இறங்காமல் முடிக்கட்டும் என்று, ஊரே சிரிக்கும் என்று தெரிந்தும், படகை மேட்டில் விட்டார். கதை எழுதுகிறவளுக்கு இதைவிட என்ன வேண்டும்?

ஆனால் அவரிடம் கேட்டேன். நேராகவே கேட்டேன்.

“இல்ல மேடம். சத்தியமா மறந்துட்டேன்.”

“எப்படிங்க மறப்பீங்க? உங்க வீட்டு வாசப்படி மாதிரி இல்ல அது?”

“பாட்டக் கேட்டுக்கினு இருந்தேன்” என்றார். அதற்கு மேல் பேச வெட்கப்பட்டுக்கொண்டு, வலையில் எதையோ தேடத் தொடங்கினார்.

அப்படியானால் இன்னொரு கதை இருக்கிறது. அன்று காலைதான் அவருக்கு மகள் எதைக் கேட்டுப் பாடுகிறாள் என்று தெரிந்தது. அதனால் அன்று முதல்முறையாக அவரும் அவளைக் கேட்டார். கேட்டதில் தண்ணீரின் நிறம் மாறியதைப் பார்க்கவில்லை. வேண்டுமென்றே படகை மேட்டில் விட்ட அப்பா பெரியவரா, மேடே நினைவில்லாமல் போன அப்பா பெரியவரா? முதலாமவர் என் கதைக்கு நல்லவர். இரண்டாமவரைத்தான் நான்

இந்த வாக்கியத்தைப் பலமுறை முடித்துப் பார்த்தேன். எல்லாமே அசட்டுத்தனமாக வந்தன. இப்படியே கிடக்கட்டும்.

7

திங்கட்கிழமை பள்ளிக்கூடத்துக்குச் சிங்காரம் போயிருக்க வேண்டும். சேற்றில் சுற்றியதில் எஞ்சினின் விசிறி வளைந்துவிட்டது. அதை நிமிர்த்த அவர் போய்விட்டார். ஆகவே வேலம்மா போனாள். யார் வரக் கூடாது என்று தர்ஷினி வேண்டிக்கொண்டிருந்தாளோ அவளே போனாள்.

அதுவும் எப்படிப்பட்ட மனநிலையில்! காலையில் மார்க்கெட்டில் அவளைப் பார்த்த இடமெல்லாம் கேலி. “மேட்டுல ஏத்துனவரு சம்சாரம் வராங்க, வழி வுடுங்க!” பொன்னேரி பஸ்ஸில் அவள் ஜன்னல் பக்கமே திரும்பி உட்கார்ந்திருந்தாள். ரிஃபா பேசாமல் வந்த ஒரே பஸ் பயணம் அதுதானாம்.

நான் அங்கே இல்லை. மூன்று பேரிடம் கேட்டேன். தர்ஷினி கடைசி வரியில் இறங்கினாளா?

ரிஃபா: “சான்ஸே இல்ல ஆன்ட்டி. கம்பி மாதிரி நின்னா.”

தர்ஷினி: “கொஞ்சூண்டு எறங்கிட்டேன் ஆன்ட்டி. எனக்குத் தெரியும். மிஸ்ஸுக்கும் தெரியும். பிரின்சிபால் மேடத்துக்குத் தெர்ல.”

வேலம்மா: “ஏறுனாளா எறங்குனாளா, எனக்கு இன்னாம்மா தெரியும்? முடிச்சா.”

முடித்தவுடன் பிரின்சிபால் அம்மா வேலம்மாவைக் கூப்பிட்டார். அறையில் பாய் விரித்திருந்தது. காவியா மிஸ் தரையில் உட்கார்ந்திருந்தாள்.

“நல்லா யோசிச்சுச் சொல்லுங்கம்மா. கம்ப்யூட்டரா, இசையா? அப்புறம் மாத்த முடியாது.”

இந்த இடத்துக்கு நான் இரண்டு முடிவு எழுதி வைத்திருந்தேன். ஒன்றில் வேலம்மா “கம்ப்யூட்டர்” என்கிறாள். ஜன்னலுக்கு வெளியே மழை. இன்னொன்றில் கண்ணீரோடு ஓடிவந்து மகளைக் கட்டிக்கொள்கிறாள், அதிலும் மழை. ஜூன் மாதம், வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது. நடந்தது இது:

வேலம்மா தரையில் இருந்தவளிடம் கேட்டாள்.

“நீதான் பாட்டு டீச்சராம்மா?”

“ஆமாங்க.”

“உனக்கு ஒரு சேர் குடுக்கலியா இவங்க?”

“இல்லைங்க, பாட்டுக்குத் தரையிலதான் ஒக்காரணும்.”

ரிஃபா கண்ணை மூடிக்கொண்டாளாம். போச்சு, எல்லாம் போச்சு என்று.

வேலம்மா அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்தாள். பிறகு பிரின்சிபால் பக்கம் திரும்பினாள்.

“பாட்டே குடுங்க மேடம்.”

ஏன் என்று நான் பிறகு கேட்டபோது இறால் உரித்துக்கொண்டே சொன்னாள்: “எம் பொண்ணு பாடறப்ப அந்த டீச்சரம்மாவ நான் ஜன்னல் வழியாப் பாத்துக்கினே இருந்தேன். கைய்ய இப்டி இறுக்கிப் புடிச்சிக்கினு கீறா. ஒதட்டக் கடிச்சிக்கினு கீறா. முடிச்ச ஒடனே கண்ணத் தொடச்சிக்கினா. யார் பெத்த பொண்ணோ, எம் பொண்ணுக்கோசரம் அப்டி பயந்துக்கினு ஒக்காந்திருக்குது. அது மூஞ்சப் பாத்து நான் எப்டிம்மா கம்ப்யூட்டருனு சொல்றது?”

“நாற்காலி?” என்றேன்.

“அத நான் பாத்துக்கறேன், போ” என்றாள். கோபமாகத்தான் சொன்னாள். என்ன அர்த்தம் என்று நான் கேட்கவில்லை.

8

வழக்கமாக நான் இங்கே முடிப்பேன். என் கதைகள் தாலி கட்டும் இடத்தில் முடியும். இந்தக் கதையில் “பாட்டே குடுங்க” என்பதுதான் தாலி. ஆனால் பத்திரிகைக்கு அனுப்பும் முன் தர்ஷினிக்குப் படித்துக் காட்டிவிடுவோம் என்று போன வாரம் ஃபோன் செய்தேன். அவள் இப்போது பிளஸ் ஒன். ஆளுக்கொரு பாயில் உட்கார்ந்து பாடுகிறார்கள். வகுப்பு நடக்கிறது.

கூடவே, பின்னால் என்ன ஆகிறாள் என்று சில முடிவுகளும் எழுதியிருந்தேன். சென்னையில் மார்கழி மேடை, முன்வரிசையில் சிங்காரம். அதே பள்ளிக்கூடத்தில் இசை டீச்சராக அவள். கல்லூரியில் பி.காம்., வங்கி வேலை, ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் பாட்டு. வேறு ஒன்றில் அவள் பாடுவதே இல்லை, அவள் குழந்தை பாடுகிறது. எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டாள்.

“நல்லாக் கீது ஆன்ட்டி. எல்லாமே நல்லாக் கீது.”

“எது வேணும்?”

“ஒண்ணும் வாணாம் ஆன்ட்டி. இப்ப இன்னா நடக்குதுனு நீங்க கேக்கவே இல்லியே?”

கேட்டேன். எனக்கு வெட்கமாக இருந்தது.

சொன்னாள். மேளகர்த்தா ராகங்களின் பெயர்களை மனப்பாடம் பண்ணச் சொல்கிறார்கள். அலகுத் தேர்வு நடந்தது. பாடுவதில் நல்ல மார்க். எழுத்துத் தேர்வில் மோசம். காவியா மிஸ் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். முன்பெல்லாம் பாடத் தோன்றினால் பாடுவாள். இப்போது காலை எழுந்ததும் பாட வேண்டும், பாடமாயிற்றே. சில நாள் வாயைத் திறக்கவே பிடிக்கவில்லை. இதை அம்மாவிடம் சொல்ல முடியாது; “பாட்டே குடுங்க” என்று சொன்னவளிடம் எப்படிச் சொல்வது? நைனாவிடம் சொல்லவே முடியாது. அவர் இப்போது ஏரிக்குப் போகும்போதெல்லாம், வருகிறாயா என்று கேட்பதில்லை. அவளாக வருவாளோ என்று படகை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நிற்கிறார்.

“தப்பா எடுத்துட்டேனா ஆன்ட்டி?” என்றாள். உடனே, “இல்ல இல்ல, தப்பு இல்ல. எனக்குத் தெரியும் தப்பு இல்லனு” என்றாள்.

பின்னால் பாத்திரம் கழுவும் சத்தம் கேட்டது.

“ஆன்ட்டி, உங்களுக்கு எழுதறதுன்னா புடிக்குமில்ல?”

“ரொம்ப.”

“எழுதவே புடிக்காத நாள் வருமா?”

“வரும். இதை எழுதும்போதே எத்தனையோ நாள் வந்தது.”

“அப்ப இன்னா பண்ணுவீங்க?”

நல்ல கேள்வி. என் வாழ்நாளில் ஒரு வாசகி என்னிடம் கேட்டதிலேயே நல்ல கேள்வி. அன்று நான் ஏதோ சொன்னேன். சொன்னதை இங்கே எழுதிப் பார்த்தேன். அறிவுரை மாதிரி இருந்தது. அடித்தேன். வேடிக்கையாக எழுதிப் பார்த்தேன், அதுவும் ஓடவில்லை. அந்தக் குடும்பத்துக்கு நான் இவ்வளவு கடமைப்பட்டிருக்கிறேன், ஒரு பதில்கூட உருப்படியாகக் கொடுக்கத் தெரியவில்லை.

நீங்கள் ஆசைப்பட்டு எடுத்துக்கொண்ட ஒன்று உங்களிடமும் இருக்கும். ஒரு வேலை, ஒரு மனிதர், ஒரு ஊர். அதோடு பிடிக்காத ஒரு காலையைக் கடந்துதான் நீங்களும் இன்று இதைப் படித்துக்கொண்டிருப்பீர்கள். எப்படிக் கடந்தீர்கள்? எனக்குச் சொல்ல வேண்டாம். அவளிடம் சொல்லுங்கள். கொஞ்சம் சத்தமாகப் பேசுங்கள், அங்கே சிக்னல் சரியில்லை.

அவள் இன்னும் லைனில்தான் இருக்கிறாள்.